ஹலினா வீட்டு ஜாடி

அன்பு மகள் புருலுக்கு அம்மா எழுதுவது. சுசாமிர் மேய்ச்சல் மேட்டில் நானும் உன் அப்பாவும் குதிரைகளும் சுகம். போலந்தில் நீ சுகமாக இருப்பது உன் கடிதத்திலேயே தெரிந்தது, கொஞ்சம் அதிகமாகவே தெரிந்தது. பாதிக்கு மேல் அந்த ஹலினா புராணம்தான். கடைப் பால் வாயில் வைக்க விளங்காமல் வாரா வாரம் சைக்கிள் மிதித்து அவள் பண்ணைக்கே போகிறாயாம், உன்னைக் கண்டதும் பாலாடையைத் தனியாக எடுத்து வைக்கிறாளாம், "வா மகளே" என்கிறாளாம். படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது, அதை உன்னிடம் மறைப்பானேன்.

அந்த "மகளே" எனக்குத் தெரியாததா. பிஷ்கேக்கிலிருந்து காரில் குமிஸ், நம் புளித்த குதிரைப்பால், வாங்க நம் கூடாரத்துக்கு வருகிறவர்களிடம் நானும்தான் "வாடி மகளே, ஒரு கிண்ணம் குடிச்சுப் பாத்துட்டு வாங்கு" என்கிறேன். கார் மறைவதற்குள் முகம் மறந்துவிடும். அவள் மாடு கொட்டிலில் சும்மா நின்று கறக்கும், அதில் என்ன பெருமை? குட்டியை முதலில் ஊட்டவிட்டு, இழுத்துப் பிடித்து, உதை படாமல் பொழுதுக்கும் குதிரைப்பால் கறக்கச் சொல், பார்ப்போம். உன் அப்பா வேறு, "கெழவி, காலைல இருந்து அந்தப் போலந்துக்காரிகூடவே மல்லுக்கட்டுற, குதிரை மிரளுது பாரு" என்று சிரிக்கிறார். அவருக்கென்ன, அங்கே உனக்கு இன்னொரு அப்பா கிடைத்தால் தெரியும்.

மறுபடி படித்தபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. அவள் பால் ஊற்றித் தரும் ஜாடியைப் பளபளவென்று கழுவிக் காலியாகத் திருப்பிக் கொடுக்கிறாயாம், அதையும் பெருமையாக எழுதியிருக்கிறாய். அடிப் பாவி மகளே, நம் வீட்டிலிருந்து அடுத்தவர் பாத்திரம் என்றைக்குக் காலியாகப் போனது? ஒன்றும் இல்லாத நாளில் நாலு சர்க்கரைக் கட்டியாவது போட்டுத்தானே உன் கையில் கொடுத்தனுப்புவேன். அவள் என்ன நினைத்திருப்பாள்? சொல்லி வளர்க்க ஆளில்லாத பெண், ஐயோ பாவம் என்றுதான் பாலாடையை அள்ளி அள்ளித் தருகிறாள். இதை நினைத்து எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பக்கம் லாரி ஓட்டும் உன் பெரியம்மா மகனிடம் இந்தக் கடிதத்தோடு ஒரு துணிப் பையும் தந்திருக்கிறேன். உள்ளே குருத் இருக்கிறது, இந்த வருஷத் தயிரை நானே உருட்டிக் காய வைத்தது. உனக்குக் கொஞ்சம், மிச்சமெல்லாம் அவள் ஜாடிக்கு. கடிக்காமல் வாயில் ஊறவிடச் சொல், பல் போனால் பழி என் மேல் வரும். அவள் முகம் எப்படிப் போனது என்று ஒன்று விடாமல் எழுது.

குளிருக்குக் காதைத் துணியால் மூடிக் கட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டு, வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே. நீ போகிற வழியெல்லாம் பால்போல் வெளுத்து, நல்லதாகவே இருக்கட்டும். ஜாடியை நீட்டும்போது வாயை மூடிக்கொண்டு நிற்காதே, "இது எங்க அம்மா செஞ்சது" என்று சொல். அந்தப் பண்ணை முழுக்கக் கேட்கும்படி சொல்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
ஜெய்னெப்