உள்ளங்கால் மச்சம்

கொக்குவில், 12 ஜனவரி 1936, ஞாயிறு

கிணற்றடியில் கால் கழுவும்போது பார்த்தேன். தம்பி ஹரோல்டின் இடது உள்ளங்காலில், சின்னவிரலுக்குக் கீழே, ஒரு கறுப்பு. முள் ஏறினது என்றான். இருபது வருஷமாக ஆஸ்பத்திரியில் புண் கழுவுகிற எனக்கு முள்ளுக் கறுப்புத் தெரியாதாக்கும். தொட்டதும் காலை இழுத்துக்கொண்டான். பயறளவு இருக்கும்.

9 பெப்ரவரி

கடலையளவு. ஓரம் ஒழுங்கில்லை. ஒரு பக்கம் கறுப்பு, மற்றப் பக்கம் மண்ணிறம். பிறவி மச்சமென்றால் நான் ஏன் வாய் திறக்கிறேன்? பிறந்தபோது அவனைக் குளிப்பாட்டியவளே நான். இது புதிது.

அவன் மனைவி பெர்னடெட் சிரிக்கிறாள். "உள்ளங்காலிலை மச்சம் வந்தால் கடல் தாண்டுவினமாம், மச்சாள். பினாங்கு உத்தியோகம் சரிவரப் போகுது. உங்களுக்குத்தான் அது பிடிக்கேல்லை."

அறிவு கெட்டவள். அது வளர வளர அதிர்ஷ்டம் வளருது எண்டு நினைக்கிறாள்.

11 பெப்ரவரி

இருவரும் என்னோடு கதைப்பதில்லை. நல்லது.

8 மார்ச்

அவன் காலுறையில் இரத்தம். தோய்க்கிற வாளிக்குள் ஒளித்து வைத்திருந்தாள். சப்பாத்துக் கடித்ததாம். சப்பாத்து உள்ளங்காலைக் கடிக்குமோ? எங்கள் டொக்டரிடம் ஒருமுறை வா என்று கெஞ்சினேன். ஓம், நான் கெஞ்சினேன்.

"அக்கா, நீங்கள் கலியாணம் கட்டேல்லை எண்டதுக்காக என்னையும் வீட்டோடை கட்டி வைக்காதேங்கோ."

போன வருஷம் மயிலிட்டியிலிருந்து ஒருவர் இதே மாதிரிக் காலோடு வந்தார். தொடை இடுக்கில் நெறி கட்டிய பிறகுதான் வந்தார். ஆறு மாதத்தில் முடிந்தது. இதைச் சொல்லத் தொடங்கவே எழும்பிப் போய்விட்டான். போ. போய்ச் சா. — இதை எழுதிப்போட்டு அழிக்கிறன். அழியுதில்லை.

16 மார்ச்

நாளை பினாங்கு உத்தியோகத்துக்கு வைத்திய பரிசோதனை. கண், பல், நெஞ்சு பார்ப்பார்கள். உள்ளங்காலை யார் பார்க்கிறார்கள்? பரிசோதிக்கிற டொக்டருக்கு ஒரே ஒரு வரி எழுதி, என் பெயரையும் போட்டு அனுப்பினேன். இடது உள்ளங்காலைப் பார்க்கவும்.

இதற்குப் பிறகு எனக்குத் தம்பி இல்லை. அது தெரிந்துதான் அனுப்பினேன்.

18 மார்ச்

உத்தியோகம் இல்லை. புற்றாம். உடனே வெட்ட வேண்டுமாம்.

பெர்னடெட் முற்றத்தில் நின்று அயலட்டை எல்லாம் கேட்கக் கத்தினாள். "எரிச்சல் பிடிச்ச மனிசி. எங்கடை வாழ்க்கையிலை மண் அள்ளிப் போட்டிட்டியள்."

வெள்ளைச் சீலை உடுக்க அவ்வளவு ஆசையோ எண்டு நானும் கேட்டன். கேட்டிருக்கக் கூடாது. கேட்டன்.

27 மார்ச்

இரண்டு விரல்களையும் கீழிருந்த சதையையும் எடுத்துவிட்டார்கள். என்னை அறைக்குள் விடவேண்டாமென்று சொன்னானாம். வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

14 பெப்ரவரி 1937

இதுவரை நெறி கட்டவில்லை. டொக்டர் சொல்லித்தான் அறிந்தேன். அவன் இன்னும் என்னோடு கதைப்பதில்லை. வளவுக்குள் கெந்திக் கெந்தி நடக்கிறான். நடக்கிறான்.

இன்று பின்னேரம் பெர்னடெட் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். பதினொரு மாதத்தில் முதல் தடவை. சட்டைக் கழுத்தை இறக்கி முதுகைக் காட்டினாள்.

"உங்களோடை கதைக்க வரேல்லை. இதை ஒருக்காப் பாருங்கோ."

யன்னலடியில் நிறுத்திப் பார்த்தேன். வட்டமான மச்சம், ஒரே நிறம். எப்போதிருந்து இருக்கிறது என்று கேட்டேன். சின்ன வயதிலிருந்தாம்.

"உது ஒண்டுமில்லை. வளர்ந்தால் வாரும்."

"என்ரை முதுகை நான் எப்பிடிப் பாக்கிறது?" என்று சீறினாள்.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு வரச் சொன்னேன்.