இறக்கி மாட்டிய படங்கள்

என் நெட்டைக்காரருக்கு,

போன் செய்தால் "ம்" என்பதற்கு மேல் நீங்கள் பேசுவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் கூடத்தை மாற்றிவிட்டேன். நீங்கள் ஆசை ஆசையாய் வாங்கிய சிவப்புக் கம்பளம் இப்போது பரண்மேல் இருக்கிறது. சக்கர நாற்காலி அதில் சிக்குமாம். வாசற்படியையும் சரிவாக்கியாயிற்று.

படங்கள்தான் பாக்கி இருந்தன. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நமக்குள் இதே சண்டைதானே? எல்லாவற்றையும் உங்கள் கண் மட்டத்துக்கு மாட்டிவிட்டு, "அண்ணாந்து பாரு குள்ளி, கழுத்துக்கு நல்லது" என்பீர்கள். கண்ணாடியில் எனக்கு என் வகிடு மட்டும்தான் தெரியும்.

நேற்று நாற்காலியில் தலையணை போட்டு, உங்கள் உயரத்துக்கு உட்கார்ந்து, சுவரில் பென்சிலால் கோடு போட்டேன். ஆணியடிக்க வந்த தச்சர், "என்னம்மா இவ்ளோ கீழ? குழந்தைங்க ரூமா?" என்று சிரித்தார்.

"இல்லண்ணே, எங்க வீட்டுக்காரருக்கு."

தச்சர் கோட்டின்மேலேயே ஆணிகளை அடித்து முடித்தார். பழைய ஆணித் துளைகளைப் பட்டி வைத்து அடைக்க வந்தார். வேண்டாம் என்றுவிட்டேன்.

கண்ணாடி, கல்யாணப் படம், நீங்கள் வரைந்த அந்தக் கோணல் படகு எல்லாம் கீழே வந்துவிட்டன. இப்போது நான்தான் குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

கொஞ்சம் இறக்கி மாட்டுங்கள் என்றுதானே இத்தனை வருஷமும் கேட்டேன். இவ்வளவு கீழேயா கேட்டேன்?

உங்கள் குள்ளி