முன்சுவரின் பானகம்

ஜூன் 28
முன்சுவரில் போன வருஷம் பூசிய சிமெண்ட், இன்று காலை பெயர்ந்து என் கோலத்தின் மேலேயே விழுந்தது. சுண்ணாம்புச் சுவருக்கு சிமெண்ட் ஆகாது, ஈரம் உள்ளேயே அடைபட்டுப்போகும் என்று அன்றைக்கே கத்தினேன். மாறன் அண்ணன்தான், "நீ கலெக்டர் ஆபீஸ்ல கிளார்க்கா, இன்ஜினியரா?" என்று வாயை அடைத்தார்.

சாயங்காலம் வேங்கிக்காலிலிருந்து வந்து பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "இடிச்சுடலாம் செல்வி. கிரிவலப் பாதையில வீடு. லாட்ஜ் கட்டி விட்டா பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஃபுல்லு."

வீட்டில் பாதி அவருக்கு, பாதி எனக்கு. என் பாதியை மட்டும் விட்டுவிட்டு இடியுங்கள் என்றேன். முறைத்தார்.

ஜூன் 30
ஒப்பந்தமாகிவிட்டது. ஜூலை முடிவதற்குள் சுவரைச் சுண்ணாம்பில் ஒழுங்காகப் பூசி முடித்தால் வீடு தப்பிக்கும். இல்லாவிட்டால் இடிக்க நான் கையெழுத்துப் போட வேண்டும். வாய்க்கொழுப்பில் சரி என்று சொல்லிவிட்டேன். நூறு வருஷத்து வீட்டை வைத்து யாராவது பந்தயம் கட்டுவார்களா? எனக்கு என்னதான் ஆயிற்று?

ஜூலை 3
கீழ்பென்னாத்தூர் கொத்தனார் வல்லரசு வந்தார். எதற்கும் லேசில் மசிகிற ஆள் இல்லை. கடுக்காயை இடித்து, வெல்லம் சேர்த்து, ஒரு வாரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரில்தான் சுண்ணாம்பைக் குழைக்க வேண்டும் என்று, இரண்டு நாள் சுண்ணாம்புப் பூச்சுப் பயிற்சிக்குப் போய்வந்த திமிரில் பாடம் நடத்தினேன்.

"செவுத்துக்கு வெல்லமா? பொங்கல் வைக்கறீங்களாம்மா?"

சிரித்தாலும் டிரம் நிறைய ஊறவைத்துவிட்டுத்தான் போனார்.

ஜூலை 10
பௌர்ணமி. நாளைக்குப் பூச்சு ஆரம்பம். டிரம்மை வெளியே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்புகிறேன்.

ஜூலை 11
எங்கே போய் முட்டிக்கொள்வது?

வல்லரசு நேற்று டிரம்மை வாசலில் வைத்து, மொண்டு ஊற்றுவதற்கு வசதியாக ஒரு டம்ளரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். பௌர்ணமியில் பஸ்ஸை ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள் என்று மத்தியானமே கிளம்பியும் விட்டார். அடப்பாவி மனுஷா! பௌர்ணமியன்று இந்த ஊரில், வாசலில் டிரம், அதில் கட்டிய டம்ளர் என்றால் என்ன அர்த்தம்?

நான் நடந்து வந்து சேரும்போது வரிசை பக்கத்து வீட்டைத் தாண்டி நிற்கிறது. ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பானகம் கொஞ்சம் துவர்ப்பா இருக்குது. ஆனா நல்லா இருப்பம்மா" என்றார். எட்டிப் பார்த்தேன். அடிமண்டிதான் மிச்சம்.

அப்புறம் கடுக்காய் தன் வேலையைக் காட்டியது. பாதிப் பேர் அடி அண்ணாமலையை எட்டவில்லை. நடையைப் பாதியில் விட்டு என் வாசலுக்கே ஓடி வந்தார்கள். இருப்பது ஒரே ஒரு கக்கூஸ். தண்ணீர் சுமந்தே என் தோள் கழன்றுவிட்டது. ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். காதில் வாங்குகிற நிலைமையில் யாரும் இல்லை.

அந்த வரிசையில், வேட்டியைக் கையில் பிடித்தபடி — மாறன் அண்ணன்! சுவரைப் பார்க்க வந்தவர், எனக்கு முன்னாலேயே வந்து இரண்டு டம்ளர் குடித்திருக்கிறார். "தங்கச்சி தண்ணிப்பந்தல் வச்சிருக்குதேன்னு பெருமையா குடிச்சேன்!" வீட்டுக்காரன் நான்தான் என்று அவர் சொல்லியும் ஒருவரும் வழிவிடவில்லை. சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை.

பைக்கில் உட்கார முடியாமல் இங்கேயே தங்கினார். கல்யாணமாகிப் போன பிறகு இந்த வீட்டில் அவர் படுத்ததே இல்லை. கூடத்தில் வெறும் தரையில் விழுந்தவர், விடிந்து வெயில் ஏறியும் எழுந்திருக்கவில்லை.

"நல்லா சில்லுனு இருந்துச்சு. ஃபேன் எத்தினில வச்ச?"

"கரண்டே இல்லண்ணா."

கூரையை ஒரு தடவை பார்த்துவிட்டு, புரண்டு மறுபடியும் படுத்துக்கொண்டார்.

ஜூலை 12
திரும்ப ஊறவைத்தாயிற்று. இன்னும் ஒரு வாரம் போய்விடும். ஜூலைக்குள் முடியாது, எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த வீட்டை விட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை என்பதல்ல. வேறெங்கும் இருக்கப் பிடிக்காது. அழுகையாக வருகிறது.

ஜூலை 20
அண்ணன் சுவரைப் பார்க்க வந்தார். சுவரை ஒரு தட்டுத் தட்டினார். கூடத்தில் படுத்தார். சாயங்காலம் எழுந்து போனார்.

ஜூலை 27
அதேதான். இந்தத் தடவை தட்டக்கூட இல்லை.

ஜூலை 31
கெடு முடிந்தது. சுவர் பாதிதான் ஆகியிருக்கிறது. நானே போன் செய்து, கையெழுத்துப் போட எப்போது வரட்டும் என்று கேட்டேன்.

"என்ன கையெழுத்து? இந்த வெயில்ல ஏன் கொத்தனார போட்டு விரட்டற? மெதுவா ஆவட்டும்."

ஆகஸ்ட் 8
பௌர்ணமி. டிரம்மை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, வாசலில் நல்ல தண்ணீர் வைத்தேன். ஒரு பெரியவர் குடித்துப் பார்த்துவிட்டு, ஏமாந்துபோய், "போன மாசம் குடுத்தீங்களே, அது இல்லையா? வயிறு அவ்ளோ லேசா இருந்துச்சு" என்றார்.

ஆகஸ்ட் 17
சுவர் முடிந்தது.

லாட்ஜ் கட்ட அண்ணன் ஜூனிலேயே சொல்லி வைத்திருந்த கான்ட்ராக்டர் இன்று வீட்டை அளக்க வந்தார். அண்ணன் அவரை வாசலிலேயே மறித்துவிட்டார். "மத்தியானத்துல வந்து ஒரு மணி நேரம் உள்ள படுத்துப் பாருங்க. அப்புறமா இடிக்கறதப் பத்திப் பேசலாம்."

பழமை, தேக்கு, வேலைப்பாடு, அப்பாவின் நினைவு — எத்தனை வருஷம் தொண்டை கிழியச் சொல்லியிருப்பேன்! மனுஷனுக்கு உறைத்தது தூக்கம் மட்டும்தான். கோபம் வந்தது. அதைவிட ஜாஸ்தியாகச் சந்தோஷம் வந்தது.

கான்ட்ராக்டர் போனதும் அண்ணன் பைக்கில் மாட்டியிருந்த பையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். பைக்குள் அவருடைய தலையணை. கூடத்து மூலையில் வைத்துவிட்டு, "யாருக்கும் குடுத்துடாத" என்றார்.