கையாட்டக் கூடாத மைதானம்

தங்கம்,

போனில் சொன்னால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அமெரிக்காவிலிருந்து இங்கே துபாய்க்குக் குடிவந்த நம்ம பேஸ்பால் டீம், இப்போது தோஹாவுக்குப் போய்விட்டது. ஊர் மாறும்போது கூடவே கொண்டுபோகும் வழக்கப்படி மைதானத்து மண்ணில் ஒரு வாளி கேட்டார்கள். நான்தான் அள்ளிக் கொடுத்தேன். மண் போனது, மைதான வேலைக்காரர்கள் நாங்கள் போகவில்லை. விசா தந்த முதலாளி, கபீல், வேறு வேலை தருவதாகச் சொல்கிறார். சாப்பாட்டுக்குக் குறையில்லை.

ஆட்டம் புரியாவிட்டாலும் எனக்காக டிவி முன்னால் உட்காருவாயே, இனி உட்காராதே. ஆட்டத்தின் நடுவே நான் மண்ணைச் சமப்படுத்த வரும்போது கேமராவைப் பார்த்துக் கையாட்டினால் சூப்பர்வைசர் திட்டுவார். அதனால்தான் நீ என்னைக் கண்டுகொள்ளத் தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டுவேன்.

நேற்றும் உள்ளே போய் மண்ணைச் சமப்படுத்தினேன். கேமரா இல்லை. திட்டவும் ஆளில்லை. நன்றாகக் கையை ஆட்டினேன்.

உன்னவன்