முழங்கை அசைந்தது

அன்புள்ள அத்தான்,

போய்ச் சேர்ந்த இடத்திலாவது காற்றில்லாமல் இருக்கிறதா? இங்கே அல் ஐனில் ஒரு மாதமாக இலை அசையவில்லை. பால்கனியில் நிற்கும் உங்கள் சைக்கிளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் காற்றின் மேல் கோபம் வருகிறது. பிறகு, கோபப்பட வேண்டியது யார் மேல் என்று ஞாபகம் வந்துவிடுகிறது.

அன்று காலை அக்கா வாசலில் போனை நீட்டிக்கொண்டு நின்றாள். வானிலை எச்சரிக்கை. "இந்தக் காத்துல வெளிய போவாண்டாம்னு போட்டிருக்கான், பாருங்க." நீங்கள் ஷூ வாரை இறுக்கிக்கொண்டே, "போட்டி அன்னைக்கு இதே காத்து அடிச்சா என்ன செய்ய? கெடைக்கிறது ஒரு நாள் லீவு. வா மாப்ள" என்றீர்கள். நூற்றறுபது கிலோமீட்டர் போட்டிக்கு அது கடைசிப் பயிற்சி. நானும் பெரிய வீரன் மாதிரிப் பின்னால் வந்தேன்.

முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார், பின்னால் வருகிறவர் அவர் மறைவில் இளைப்பாறலாம். களைத்தவர் வலது முழங்கையை ஆட்டினால் மற்றவர் முன்னால் வந்துவிட வேண்டும். இது நீங்கள் வைத்த சட்டம். பத்து வயது மகள் நிலாவுக்கும் பார்க்கிங்கில் வைத்து இதைத்தான் சொல்லிக் கொடுத்தீர்கள்.

எழுபதாவது கிலோமீட்டரில் உங்கள் முழங்கை ஆடியது. பார்த்தேன் அத்தான். என் தொடைகள் இறுகிப்போயிருந்தன. இன்னும் இரண்டு நிமிடம் என்று தலையைக் குனிந்துகொண்டேன். மறுபடியும் ஆடியது. மறுபடியும் பார்க்காதவன் மாதிரி இருந்தேன்.

இடப்பக்கம் அடித்த காற்றுக்கு ஈடாக நீங்கள் அந்தப் பக்கமே சாய்ந்து மிதித்துக்கொண்டிருந்தீர்கள். அப்போதுதான் லாரி நம்மைக் கடந்தது. அது காற்றை மறைத்ததும், தாங்க ஒன்றுமில்லாமல் சாய்ந்தபடியே அதன் பக்கம் போய்விட்டீர்கள். அந்த இடத்தில் நான் இருந்திருக்க வேண்டும்.

காரியம் முடிந்த மறுநாள் நிலா என்னிடம் வந்தாள். "டாடி எல்போ ஆட்டலையா மாமா?" அக்காவும் நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்லம்மா. மறந்துட்டாரு போல" என்றேன். எப்படித்தான் வாயில் வந்ததோ? வந்ததை நான் திருப்பி எடுக்கவும் இல்லை.

அன்றிலிருந்து உங்கள் மகள் உங்கள் மேல் கோபமாக இருக்கிறாள். அக்கா படத்துக்குப் பூ வைத்தால் எழுந்து போய்விடுகிறாள். "ஹீ ஃபர்காட் ஹிஸ் ஓன் ரூல்" என்று தோழியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் எவ்வளவு பெரிய பாவி, அத்தான்.

அக்காவுக்கும் நிலாவுக்கும் விசா கேன்சல் ஆகிவிட்டது. வியாழக்கிழமை இருவரும் பாளையங்கோட்டைக்கே போகிறார்கள். பெட்டி கட்டிக்கொண்டே அக்கா சொல்கிறாள், "நீ மட்டும் இல்லன்னா நான் என்னல செய்வேன்." அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

விமானம் ஏறும் முன் நிலாவை உங்கள் சைக்கிள் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிவிடுவேன். உன் அப்பா முழங்கையை ஆட்டினார், இரண்டு தடவை ஆட்டினார், பார்த்தும் முன்னால் வராமல் இருந்தவன் நான். அக்காவும் கேட்கட்டும். இது சத்தியம்.

அதற்குப் பிறகு அவர்களுக்கு நான் யாராக இருப்பேன்? தெரியவில்லை. வியாழக்கிழமை வரைக்குமாவது இப்படிக் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மாப்பிள்ளை,
அக்காவின் தம்பி, நிலாவின் மாமா.