சுண்டை இலையில் பச்சை உல்லன் நூல்

அன்று கொல்லையில் இருந்தவர்கள்: நான், துவைக்கிற கல்லில் என் மருமகள் சுதா, வையம்பட்டியிலிருந்து வந்திருந்த என் தங்கை ராஜாமணி, மாடியிலிருந்து இறங்கி வந்த நீங்கள். சுண்டைச் செடியில் தையல்சிட்டு ரெண்டு, கூட்டுக்குள் குஞ்சு மூணு. காக்கை ஒன்று. அதையும் விடாமல் சொல்லிவிடுகிறேன், கடைசியில் வந்தாலும் அதுவும் வந்ததுதானே. ஏழு வருஷம் ஆகிறது. யார் எங்கே நின்றார்கள் என்பது இன்னும் அப்படியே இருக்கிறது எனக்கு.

போன மாதம் உங்கள் மகள் மாடி வீட்டைக் காலி செய்ய வந்தாள். "அம்மா இதை உங்களுக்குன்னு சொல்லிட்டுப் போனாங்க" என்று கேமரா பையை என் மடியில் வைத்தாள். ஜிப்பைத் திறந்ததும் உங்கள் முட்டிக்குப் போடுகிற தைலத்தின் வாசனை. தோலில் அரிக்கிறது என்று கேமரா வாருக்கு நீங்களே சுற்றிய பச்சை உல்லன் நூலும் அப்படியே. ஒரு முனை மட்டும் அறுந்து தொங்கியது. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. நீங்கள் டெலிபோன் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். குடிவந்த முதல் வாரமே ஒரு சேலை கேட்டீர்கள், கிழிந்ததாக இருந்தால் நல்லது என்று. என் ஊதாச் சேலையைக் கொடுத்தேன். அதைத் துணிக்கொடியில் மறைப்பாகத் தொங்கவிட்டு, நடுவில் கத்திரியால் ஓட்டை போட்டுக் கேமரா மூக்கை நுழைத்து உட்கார்ந்தீர்கள். "எதுக்குக்கா இந்தக் கூத்து?" என்றேன். "நம்மளப் பாத்தா அது வராது. சேலையப் பாத்தா வரும்" என்றீர்கள். "என் சேலைக்கு வந்த வாழ்வப் பாருங்க" என்றதற்கு, கேமரா ஆடிப் படம் கெட்டுப்போகிற அளவுக்குச் சிரித்தீர்கள்.

அணிலும் ஓணானும் புல்புல்லும் தேன்சிட்டும் எங்கள் கொல்லையில் இத்தனை இருப்பது நீங்கள் காட்டித்தான் எனக்குத் தெரிந்தது. நாற்பது வருஷம் அங்கேயே பாத்திரம் தேய்த்தவள் நான். உங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. "கண்ணு போனாப் போதும், கை போகக் கூடாது." கூட்டை மறைக்கிற இலையைக் கிள்ளக் கூடாது, ஒதுக்கக் கூடாது, படம் கிடைக்காவிட்டால் கிடைக்காமல் போகட்டும். சுண்டையின் அகல இலையை அந்தச் சிட்டு பஞ்சும் நாரும் வைத்துத் தைத்துக் கூடு கட்டியபோது, சுதாவைக் கூப்பிட்டு அந்தப் பக்கம் துடைப்பம்கூட வரக் கூடாது என்று சொன்னீர்கள். பதினைந்து நாள் அந்தப் பக்கம் நாங்கள் கூட்டவே இல்லை.

அன்று காலை ராஜாமணி வற்றலுக்காகச் சுண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். செடியின் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் சேலைக்குப் பின்னால் நீங்கள். நான் அடுப்படிக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருந்ததில் நீங்கள் எப்போது மேலே போனீர்கள் என்று கவனிக்கவில்லை. காக்கை கத்திய சத்தம் கேட்டு நான் ஓடி வருவதற்குள், மாடியிலிருந்து நீங்கள் இறங்கி எனக்கு முன்னால் செடியிடம் நின்றீர்கள். கூடு வாயைப் பிளந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. தாய்ச்சிட்டு மதில்மேல் வாலை நிமிர்த்திக்கொண்டு விடாமல் கத்தியது.

என் தங்கையின் கையில் கூடை. எனக்கு அது போதுமாக இருந்தது. "காயைப் பறிக்கச் சொன்னா கொப்பையே இழுத்தியாடி? உன் கை பட்டது எதுடி பிழைச்சிருக்கு?"

அவளுடைய தலைச்சன் பிள்ளை பிறந்த பதினோராம் நாள் தவறியது. என் மடியில் வைத்துத்தான் தவறியது. அது தெரிந்த வாய்தான் அதைச் சொன்னது.

ராஜாமணி கூடையைக் கிணற்றுக் கட்டையில் வைத்தாள். "வரேன்க்கா" என்றாள், போய்விட்டாள். நீங்கள் செடிக்கு முன்னால் முகத்தைத் திருப்பாமல் நின்றீர்கள். குஞ்சு போன துக்கம் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நான் அவளோடு பேசவில்லை. அவள் பேத்தி காதுகுத்துக்குப் போகவில்லை. அவள் புருஷன் தவறியபோது போனேன், பந்தலில் உட்கார்ந்தேன், தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தேன். அன்றைக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பஸ் ஏற்றிவிட்டது நீங்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுடு, போய் நாலு வார்த்தை பேசிட்டு வா" என்றீர்கள். மன்னிக்கச் சொன்னீர்களே, மன்னிக்க அங்கே ஒன்றும் இல்லை என்று சொன்னீர்களா?

கேமராவில் இருந்ததையெல்லாம் ஸ்டுடியோவில் கொடுத்துப் படம் போடச் சொன்னேன். கவர் கனமாக வந்தது. நடுவில் அந்தப் படம். மூன்று குஞ்சும் மஞ்சள் வாயைத் திறந்துகொண்டு, தாய் ஒரு புழுவோடு விளிம்பில். நீங்கள் எடுத்ததிலேயே அழகான படம் அதுதான். கூட்டை மூடியிருக்க வேண்டிய முன் இலை பின்னால் மடங்கி, கொப்போடு கட்டப்பட்டிருந்தது. பச்சை உல்லன் நூலால்.

பால் பொங்கி வழிந்தது, சுதா வந்துதான் அடுப்பை அணைத்தாள்.

மறுநாளே படத்தை எடுத்துக்கொண்டு வையம்பட்டிக்குப் போனேன். மணப்பாறையில் பஸ் நின்றபோது முறுக்கு வாங்கினேன், வெறுங்கையோடு எப்படிப் போவது? ராஜாமணி என்னைப் பார்த்ததும் முதலில் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். படத்தைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டு வெகுநேரம் பார்த்தாள்.

"மூணும் எவ்வளவு பசியா இருந்திருக்கு பாரு" என்றாள். பிறகு, "எனக்குத் தெரியும்க்கா. என் வீட்டுக்காரர் போனதுக்கு நீ வந்துட்டுப் போன மறுவாரம் மாடி வீட்டு அக்கா தனியா வந்தாங்க. ஒரே ஒரு படம், எடுத்ததும் அவுத்து விட்டுடலாம்னு கட்டினாங்களாம். பொண்ணு போன் பண்ணுச்சாம், பேசிக்கிட்டே மாடி ஏறிட்டாங்களாம். இதே இடத்துல உக்காந்து அழுதாங்க."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"உன்னைத் தெரியாதா எனக்கு? சொன்னா அவங்களையும் அன்னைக்கே அறுத்து விட்டுருப்ப. எனக்கு ரெண்டு மருமக, பேரன் பேத்தின்னு வீடு நிறைய ஆளு இருக்கு. அவங்களுக்குப் பக்கத்துல உன்னை விட்டா யாரு இருந்தா?"

முறுக்குப் பொட்டலத்தை அவளே பிரித்து எனக்கு ஒன்று கொடுத்தாள். பல் இல்லாத வாயில் ஊறவைத்துத் தின்றேன். அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொன்ன சொல்லுக்கு அவள் காலைத் தொட்டேன். "அட, எழுந்திரு, மூத்தவ நீ" என்று என் கையைப் பிடித்துத் தூக்கினாள். பிடித்த கையை வெகுநேரம் விடவில்லை.

இந்த வருஷம் பழைய சுண்டையின் தூரிலிருந்து வந்த கன்றில் மறுபடியும் ஒரு தையல்சிட்டு இலை தைக்கிறது. ஊதாச் சேலையை எடுத்துக் கொடியில் மறைப்பாகக் கட்டினேன். கேமரா என் கையில் நடுங்குகிறது, வருகிற படமெல்லாம் வெறும் இலை. ஒரு இலையை ஒதுக்கினால் தெரியும். கை எழும், மடியில் இறக்கிக்கொள்வேன். நீங்கள் சொன்னதை நான் காப்பாற்றுகிறேன் அக்கா. காலையில் பாதி நேரம் உங்களோடு பேசிக்கொண்டுதான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

இலையைக் கட்டியதை மன்னித்து விட்டுவிட்டேன். ஆசைப்பட்டீர்கள், மறந்தீர்கள், எல்லாருக்கும் வருவதுதான். காக்கையையும் விட்டுவிட்டேன், அதற்கும் கூட்டில் குஞ்சு இருந்திருக்கும். என் வாயை மன்னிப்பதும் மன்னிக்காததும் ராஜாமணி பாடு. ஆனால் ஏழு வருஷம், தினமும் சாயங்காலம் என் அடுப்படியில் உட்கார்ந்து என் கையால் காபி வாங்கிக் குடித்துக்கொண்டு, நான் என் தங்கையைத் திட்டத் திட்டக் கேட்டுக்கொண்டிருந்தார் ஒருத்தர். அவரை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன்.

கோமளா அக்கா, உங்களைத்தான்.