படகுத்துறையில் நிற்கும் அப்பாவுக்கு

என் அன்பான அப்பா,

நலமா என்று உங்களிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அதனால் எங்கள் செய்தியையே சொல்லிவிடுகிறேன். நானும் அம்மாவும் மார்சிலிங் வீட்டில்தான் இருக்கிறோம். அம்மாவுக்கு முட்டிவலி இன்னும் விடவில்லை. நான் பஃபலோ ரோட்டில் ஒரு பூக்கடையில் மாலை கட்டுகிறேன். வருகிறவர்களிடம் பேசுவதெல்லாம் கடைக்கார அக்காதான். "ஏம்மா, வாயை வாடகைக்கு விட்டுட்டியா?" என்று கேலி செய்வார். நீங்கள் இருந்தால் சிரித்திருப்பீர்கள்.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் நிறுத்தியபோது வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஏன் என்று கேட்டார்கள். நீங்கள் மட்டும் கேட்கவில்லை. ஏர்கான் பழுதுபார்க்கும் வேலை முடிந்து வரும்போது ஒரு விளையாட்டு டிஸ்க்கை வாங்கி வந்து, டிவியோடு இணைத்திருந்த விளையாட்டுப் பெட்டியில் போட்டு, இன்னொரு கன்ட்ரோலரை என் கையில் கொடுத்தீர்கள். ஒரு தீவு, அதில் நாமே கட்டிய வீடு, ஒரு படகுத்துறை. உங்கள் ஆளுக்குச் சிவப்புத் தொப்பி. என் ஆளுக்கு மஞ்சள் மழைச்சட்டை.

ஒரே சோபாவில் உட்கார்ந்துகொண்டு, வாயால் பேசாமல், நம் ஆட்களின் தலைக்கு மேலே எழுத்தாகப் பேசிக்கொண்டோம். வகுப்பில் எழுந்து நின்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்று நான் முதன்முதலாகச் சொன்னது அந்தப் படகுத்துறையில்தான். நீங்கள் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, ஆங்கில எழுத்தில், "எனக்கும்தான்" என்று அடித்தீர்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா அப்பா?

அந்த வருட ஆயுத பூஜைக்கு ஸ்பேனர், டிரில்லிங் மெஷின் பக்கத்தில் அந்த விளையாட்டுப் பெட்டியையும் கொண்டுவந்து வைத்தீர்கள். "இதென்ன தொழிலா? பொட்டு வேற கேக்குதா இதுக்கு?" என்றார் அம்மா. "பிள்ளை பேசுறதே இதுலதான். வை லா," என்றீர்கள். அம்மா முணுமுணுத்துக்கொண்டே டிஸ்க் உறைக்கும் சேர்த்துச் சந்தனம் வைத்தார்.

நீங்கள் போன பிறகும் சிவப்புத் தொப்பிக்காரர் போகவில்லை. அந்த விளையாட்டில், ஆடுகிறவர் கடைசியாக எங்கே விட்டாரோ அங்கேயே அவருடைய ஆள் நிற்கும். நீங்கள் படகுத்துறையில் தூண்டிலோடு விட்டீர்கள். வேலை முடிந்து வந்ததும் நான் போய்ப் பக்கத்தில் நிற்பேன். காற்றடித்தால் நீங்கள் தொப்பியைப் பிடித்துக்கொள்கிறீர்கள். சமையலறையிலிருந்து அம்மா கேட்பார்.

"உங்கப்பா மீன் கீன் புடிச்சாரா?"

"இல்லம்மா."

"இருந்தப்பவும் ஒண்ணும் புடிக்கல அந்த மனுஷன்."

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமையோடு அந்தத் தீவை மூடப்போகிறார்கள். விளையாட்டை வெளியிட்ட நிறுவனமே அறிவித்துவிட்டது. எல்லாம் அவர்களுடைய சர்வரில் இருக்கிறதாம். அதை அணைத்துவிட்டால் வீடும் இல்லை, படகுத்துறையும் இல்லை, நீங்களும் இல்லை.

அம்மா நம்பவே இல்லை. "சந்தனம் வெச்சு சாமி கும்பிட்ட பொருளுடி. டிஸ்க் நம்ம அலமாரியில இருக்கு. அவன் எப்படி எடுப்பான்?"

மாமா அன்றைக்கு வந்திருந்தார். "அக்கா, நீங்க இருக்கிற வீடே தொண்ணூத்தொம்பது வருஷ லீஸ்தான், அப்புறம் கவர்மென்ட் எடுத்துக்கும். இது வெறும் கேம் லா."

"வீட்ட விட்டுப் போகச் சொல்றதுன்னா முன்னாடியே கையெழுத்து வாங்குறான்ல? இவன் யார்கிட்டடா கேட்டான்?"

மாமா காப்பியைக் குடித்தார்.

அம்மா கேட்டது எனக்கும் சரியென்றுதான் பட்டது. புத்தகம் விற்ற கடை மூடிவிட்டால், நம் அலமாரியில் இருக்கும் புத்தகம் வெள்ளைத் தாளாகிவிடுமா? உறையில் பொடி எழுத்தில் ஏதோ இருந்ததாம், நாம் வாங்கியது விளையாட்டை இல்லையாம், விளையாடும் அனுமதியைத்தானாம். அதைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் நீங்கள் எனக்காக வாங்கியிருப்பீர்கள். ஆனால் தெரிந்து வாங்கியிருப்பீர்கள். மூடுவதென்றால் மூடட்டும். நம் பெட்டியிலேயே தீவு ஓடும்படி ஒரு வழி செய்துவிட்டு மூடக் கூடாதா?

இதையெல்லாம் அந்த நிறுவனத்துக்கு எழுதினேன் அப்பா. போனில் என்றால் எனக்கு வராது. அவர்களுடைய இணையப் பக்கத்தில் எழுதிப் பேசுகிற இடம் இருந்தது. தீவின் பிரதி ஒன்று கிடைக்குமா என்று கேட்டேன். பிரதி கொடுக்கும் வழக்கமில்லை, எதுவானாலும் விளையாட்டுக் கணக்குக்கு உரியவரிடம்தான் பேச முடியும், அவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று ஒருவர் கேட்டார்.

கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறது. நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்று தெரிந்தால் அன்றைக்கே மூடிவிடுவார்கள், விதிமுறையில் அப்படித்தான் இருக்கிறது. அம்மா என் தோளைத் தட்டினார். "வேலைக்குப் போயிருக்காருன்னு போடு." என் விரல் அதை அடிக்கவில்லை. "அவர் வீட்டில் இல்லை" என்று அடித்தேன். அது பொய் இல்லைதானே?

"அவர் வந்ததும் பேசச் சொல்லுங்கள். காத்திருக்கிறோம்," என்று பதில் வந்தது.

அம்மா அதை மறுபடியும் படிக்கச் சொன்னார். "காத்திருக்கோம்னா சொல்றான்? நல்ல பையனாட்டம் இருக்கான்," என்றார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

நேற்று அம்மா தானாக வந்து கன்ட்ரோலரைக் கையில் எடுத்தார். "என்னையும் அங்க கூட்டிட்டுப் போ." அம்மாவுக்கும் ஓர் ஆள் செய்து கொடுத்தேன். சேலை இல்லையா என்று கேட்டார். இல்லை. பச்சை கவுன் போட்டுக்கொண்டு நேராகப் போய்க் கடலில் விழுந்தார். எத்தனை நாளுக்கு அப்புறம் சிரித்தார் தெரியுமா? ஒருவழியாகத் துறைக்குக் கூட்டிவந்து உங்கள் பக்கத்தில் நிறுத்தினேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"நீ போய் சாப்பிடு பாப்பா. நான் கொஞ்ச நேரம் உங்கப்பாகூட நிக்கிறேன்."

சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா எதுவும் அடிக்கவில்லை. எந்தப் பொத்தானையும் தொடவில்லை. சும்மா நின்றுகொண்டிருந்தார்.

உங்களுக்கு ஒரு வாக்கு தருகிறேன் அப்பா. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் துறைக்கு வருவோம். நேரமாகிவிட்டது, வெளியேறுங்கள் என்று திரையில் வரும். நாங்கள் அதை அழுத்த மாட்டோம். அணைக்க வேண்டுமென்றால், நாம் மூன்று பேரும் நிற்கும்போதே அவர்கள் அணைக்கட்டும்.

அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்,
உங்கள் பாப்பா